சாட்சியண்ணனின் இடது கண்

காலையில் பள்ளிக்கூட வேனைக் கிளப்புமுன் சாட்சியண்ணன் ஒரு காரியம் செய்வார். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் டயர் கடை விளம்பரத்தை இடது கண்ணால் மட்டும் பார்ப்பார். முதலில் அதன் சின்ன எழுத்துகள் போயின. பிறகு டெலிபோன் நம்பர் போனது. அப்புறம் டயரே போனது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் பொத்திப் பார்த்தபோது சுவர் எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான்.

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருகினார். ஸ்தோத்திரம் சொல்கிற சமயமா அது? பயம் வந்தால் சிலர் விசில் அடிப்பார்கள், சிலர் பீடி பற்றவைப்பார்கள். சாட்சியண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

சாட்சியண்ணன் என்பது அவர் போகிற கிறிஸ்தவ சபை வைத்த பெயர். எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரே வாரத்தில் இடது கண் இருண்டுபோனது. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வீங்கியிருக்கிறது, பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், திரும்பினாலும் மறுபடி வரலாம், அடிக்கடி வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். சபை உபவாசம் இருந்து ஜெபித்தது. உபவாசத்தின் கடைசி நாளில், எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது, இடது கண்ணுக்குள் கூரை விளக்கு மெல்லத் தெரிந்தது. மனுஷன் தரையில் விழுந்து குழந்தைமாதிரி அழுதார். அவர் மனைவி அழுதார். பாஸ்டர் அழுதார். அதில் பொய் ஒரு துளிகூடக் கிடையாது. அதை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பொய் பிறகுதான் வந்தது. அதுவும் முன்வாசல் வழியாக வரவில்லை.

முதலில் சொந்தச் சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னார். பிறகு பக்கத்துச் சபை கூப்பிட்டது. அப்புறம் எங்கே கூட்டம் நடந்தாலும், "அந்த அண்ணனைக் கூட்டிட்டு வாங்க" என்று ஆகிவிட்டது. சாட்சி சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு வடிவமும் வந்தது. இருட்டிய வாரத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். விளக்கு தெரிந்த இடத்தில் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். கடைசியில் வேதப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, யாரையாவது ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லி, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சுகமான கண்ணால் வாசித்துக் காட்டுவார். கூட்டம் அப்படியே எழுந்து நிற்கும். கிழவிகள் வந்து அவர் கையைத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட யாரும் மதித்துக் கூப்பிடாத மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்து வேலையே அந்தச் சாட்சியால் கிடைத்ததுதான். நிர்வாகி அதே சபைக்காரர். ஆண்டவரே பார்த்துக் கண் கொடுத்த டிரைவரைவிட நம்பிக்கையான டிரைவர் எங்கே கிடைப்பார் என்று அவரே கூப்பிட்டுக் கொடுத்தார்.

டாக்டரிடம் அண்ணன் மறுபடி போகவேயில்லை. போனால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமே. இந்தக் கல்வி வருடம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் மங்கல் தொடங்கியது. அப்போதிருந்து மேடையில் பக்கத்தை மற்றவர்கள் திறக்க அவர் விடுவதில்லை. தானே திறப்பார். எப்போதும் வேதத்திலுள்ள சங்கீதப் பாடல்களில் ஒரே ஒன்று. அது அவருக்கு மனப்பாடம்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவர் மடியில் கனத்தோடு பத்திருபது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் ஏறி இறங்குவது வேனின் இடது பக்கம். அதனால் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்க்கப் பழகியிருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆந்தைமாதிரி திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை அழுத்துவார். பிள்ளைகளை ஏற்றி இறக்க வேனில் கூடவே வருகிறவரை எல்லோரும் வேன் அக்கா என்பார்கள். "எங்கண்ணன் மாதிரி ஜாக்கிரதையான டிரைவர் உண்டா?" என்று வேன் அக்கா பெற்றோரிடம் பெருமையாகச் சொல்வார்.

அன்று மாலை பிள்ளைகளை வீடுவீடாக விட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு குறுகிய தெருவில் முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறங்கினாள். பின்னால் ஒரு கார் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. அண்ணன் பாதிக் கழுத்துதான் திருப்பினார். தெரு காலியாக இருந்தது. கிளட்சை விட்டார். வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

வேன் அக்கா கதவுப் பக்கத்திலிருந்து தகரத்தில் படபடவென்று அறைந்தார். "அண்ணே! நிறுத்து! நிறுத்து!"

பிரேக்கை மிதித்தார். உள்ளே இருந்த பிள்ளைகள் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டார்கள். அண்ணன் உடம்பையே திருப்பிப் பார்த்தார். முன் பம்பரின் இடது மூலைக்கு ஒட்டினாற்போல அந்தச் சிறுமி நின்றிருந்தாள். கையைத் தூக்கி அவரைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

"அங்கிள், நான் டாட்டா காட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க ஏன் காட்டலை?" என்றாள்.

அண்ணன் கையைத் தூக்கி ஆட்டினார். அது தானாகவே நடுங்கியதால் ஆட்டுவதற்குச் சிரமமே இல்லை.

வேன் அக்கா அவளை வீட்டுப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. என்ன அண்ணே, வெயில் கண்ணுல அடிச்சிருச்சா?"

வானம் மூடிக்கிடந்தது. காலையிலிருந்து வெயிலே இல்லை.

"ஆமாம்மா. வெயில்."

"அதானே பார்த்தேன். வேற டிரைவரா இருந்தா இங்கேயே இறங்கி ரகளை பண்ணியிருப்பேன். உங்க கண்ணைப் போய் நான் சந்தேகப்படுவேனா?" வேன் அக்கா சிரித்தார். பயம் தெளிந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்கள். அவரும் பேசினார். "சொல்லவே மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை எங்கம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். உங்க சாட்சியை ஃபோன்ல போட்டுக் காட்டினேன் அண்ணே. அதைப் பார்த்ததுலேர்ந்து ஒரே பிடி. அந்தத் தம்பிக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரான்னு கண்ணுக்கு விட்டுக்கிட்டிருந்த சொட்டு மருந்தைத் தூக்கிப் போட்டுட்டாங்க."

"என்ன மருந்தும்மா அது?"

"கண்ணுல அழுத்தமாம். ஒருநாள்கூட விடக் கூடாது, விட்டா இருக்கிற பார்வையும் போயிடும்னு டாக்டர் மிரட்டுவாரு. நானும் முதல்ல சத்தம் போட்டேன். அப்புறம் உங்களை நெனச்சுப் பார்த்தேன். நீங்க டாக்டர்கிட்டயா போனீங்க?"

இன்றைக்கே மறுபடி கண்ணுக்கு மருந்து போடச் சொல்லும்மா என்ற வார்த்தை அண்ணனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார். "விசுவாசத்தை மட்டும் விட்டுடாதீங்கம்மா" என்றது வாய்.

தன் வாயைப் பார்த்தே அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எத்தனையோ மேடையில் சொன்ன வாக்கியம். கூப்பிடாமலே வந்து நின்றது. மிச்ச வழியெல்லாம் ஊர்ந்து ஊர்ந்துதான் வண்டியை ஓட்டினார். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை மாலை அவர் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காக்கி அட்டையில் பாம்பு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர் அவர். அடுத்த நாள் பாடம் வெண்கலச் சர்ப்பம். அண்ணன் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். குடித்தது நாக்குக்குத் தெரியவில்லை.

"கதை பிள்ளைகளுக்குத் தெரியும்தானே?" என்று எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டார்.

"பாதிதான் தெரியும். வனாந்தரத்துல பாம்பு கடிச்சவங்க, கம்பத்துல தூக்கி வெச்ச வெண்கலப் பாம்பைப் பார்த்துப் பிழைச்ச கதை தெரியும். மிச்சத்தை யாரும் சொல்றதில்லை. அதைப் பத்திரமா வெச்சிருந்து, பேரப்பிள்ளைங்களுக்குப் பேரப்பிள்ளைங்க அதுக்கே தூபம் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில ஒரு ராஜா வந்து உடைச்சுப் போட்டாரு."

"ஆண்டவர் சொல்லிச் செஞ்சதாச்சே. அதையா?"

"ஆமா. வேற ஏதாவது சிலைன்னா எப்பவோ உடைச்சிருப்பாங்க. இது அவர் குடுத்தது, அதனாலதான் யாருக்கும் கை வரலை." அட்டைப் பாம்பின் வாலைக் கத்தரித்துவிட்டு மனைவி எழுந்து போனார்.

அண்ணன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே போய்விட்டார் என்றுதான் நினைத்தார். "என்னங்க" என்று காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. காப்பி மடியில் சிந்தியது. மனைவி இடது பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார்.

"இங்கதான் நிக்கிறேன். ரொம்ப நேரமா."

அண்ணன் குனிந்து மடியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க டம்ளரை நான் வலது பக்கமா வைக்க ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு, கவனிச்சீங்களா? நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். கேக்க எனக்கும் பயமா இருந்துச்சு. ஊரெல்லாம் என்னையும் சாட்சிக்காரர் வீட்டம்மான்னுதானே கூப்பிடுது, அது எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு." மனைவி அவர் தோளில் கை வைத்தார். "டாக்டர்கிட்ட போலாங்க."

"விசுவாசம் இல்லாதவ மாதிரி பேசாதே!" என்று அண்ணன் கத்தினார். கத்தியதில் அவருக்கே குரல் உடைந்தது. "இது வெளியில தெரிஞ்சா என்னாகும்னு உனக்குத் தெரியுமா? எத்தனை பேரு இந்தக் கண்ணை வெச்சு நம்பிக்கிட்டிருக்காங்க? ஆண்டவர் பேரு கெட்டுப் போயிடும்டி."

"அவர் பேரை அவர் பார்த்துக்குவாரு. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றார் மனைவி.

வேறு நாளாக இருந்தால் அண்ணன் சிரித்திருப்பார். அன்று முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருடைய பயம் பார்வை போவதைப் பற்றியது மட்டும் இல்லை. ஒரு கண்ணோடு வாழ்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். கண் போனால் சாட்சி போகும். சாட்சி போனால் வேலை போகும், மேடை போகும், கையைப் பிடித்து ஒற்றிக்கொள்கிறவர்கள் போவார்கள். கடைசியில் பாக்கி இருக்கப்போவது யார்? பல்பு மாற்றக்கூட யாரும் கூப்பிடாத அந்தப் பழைய ஆள்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அடியில் கிடந்தது. கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்கிறாரா? அப்படியானால் தன்மேல் என்ன கோபம்? புலி வாலைப் பிடித்த கதையாகிவிட்டது. பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை, விடவும் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூடம் நிரம்பி வழிந்தது. பாஸ்டர் நல்ல மனிதர், சூதுவாது தெரியாதவர். "இன்னைக்குப் புதுசா நிறையப் பேர் வந்திருக்காங்க, நம்ம அண்ணன் சாட்சி சொன்னா நல்லாயிருக்கும்" என்று சந்தோஷமாக மைக்கை நீட்டினார். அண்ணன் மேடை ஏறினார். வேனில் வருகிற பிள்ளைகளில் நாலைந்து பேர் பெற்றோரோடு முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். டாட்டா காட்டிய சிறுமியும் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வாய் அதற்குள் தொடங்கிவிட்டது. இருட்டிய வாரத்தில் குரல் தானாகத் தாழ்ந்தது. விளக்கு வந்த இடத்தில் தானாக நின்றது. யாரோ விம்மினார்கள். மைக்கைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வேதப் புத்தகத்தை வாங்கி, பழகிய இடத்தில் திறந்து மேசைமேல் வைத்து, வலது கண்ணைப் பொத்தினார்.

கூடம் மறைந்தது. சாம்பல் மட்டும் இருந்தது.

சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். விரலைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே சொன்னார். "அல்லேலூயா" என்று கூட்டம் முழங்கியது. கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே வேன் அக்காவின் குரல் மேடைப் பக்கமாக வருவது கேட்டது. "மெதுவா, மெதுவாம்மா. படி இருக்கு."

செருப்பில்லாத கால்கள் தேய்த்துத் தேய்த்து ஏறிவந்தன. ஒரு கை காற்றில் துழாவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்தது. வயதான கை, எலும்பாக இருந்தது.

"தம்பி, கண்ணைப் பொத்தின கையை எடுத்துடாதே. அப்படியே வெச்சுக்கோ" என்றார் வேன் அக்காவின் அம்மா. பாஸ்டர் மைக்கை அந்த அம்மாளின் வாய்க்கருகே பிடித்திருப்பார் போலிருக்கிறது. குரல் கூடமெல்லாம் கேட்டது. "எனக்கு எல்லாம் நிழலாட்டம் இருக்கு. உன் முகம்கூடத் தெரியலை. நேத்தைக்கு இன்னைக்குப் பார்வை இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பரவாயில்லைன்னு இருக்கேன். ஆண்டவர் குடுத்த கண்ணால என்னைப் பார்த்துச் சொல்லு. நான் என்ன நிறத்துல சால்வை போட்டிருக்கேன்? நீ சொன்னா எனக்கே தெரிஞ்ச மாதிரி."

கூட்டம் ஆசையாகச் சிரித்தது. எவ்வளவு எளிய கேள்வி. விரல் இடுக்கைக் கொஞ்சம் விரித்தால் போதும், வலது கண் பார்த்துவிடும். யாருக்கும் தெரியாது. விரல் விரியப் பார்த்தது. அதற்குள் அந்தத் தெருவும் பம்பரின் மூலையும் நினைவுக்கு வந்தன. தெரு காலியாக இருக்கிறது என்று அன்றைக்கு இந்தக் கண்தான் சொன்னது. இப்போது இந்த அம்மாளிடமும் சொல்லப்போகிறது.

இறங்கி ஓடிவிடலாம் என்றால் எந்தப் பக்கம் படி என்று தெரியாது.

"எனக்குத் தெரியலைம்மா" என்றார்.

அந்த அம்மாள் பிடியை விடவில்லை. "என்னப்பா?"

"உங்க சால்வை தெரியலை. நீங்களே தெரியலை. இந்தக் கண்ணு மறுபடி போயிடுச்சு. வாசிச்சது வாசிப்பு இல்லை, மனப்பாடம்." மைக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் போட்டது. "அன்னைக்கு அவர் குடுத்தது சத்தியம். ஆனா நான் அவரை விட்டுட்டு இதைக் கும்பிட்டுக்கிட்டு இருந்துட்டேன். நீங்க கண்ணுக்கு மருந்து போட்டுக்கோங்கம்மா. இன்னைக்கே போட்டுக்கோங்க. என்னைப் பார்த்து நிறுத்தாதீங்க."

பிறகு பாஸ்டர் தடுமாறிக்கொண்டே, "சபையாரே, இது ஒரு சோதனை, நாம அண்ணனோட கண்ணுக்காக இப்பவே..." என்று தொடங்கினார். நாலைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு மேடையை நோக்கி எழுந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கண் திரும்ப வேண்டும். அவரைவிட அவர்களுக்குத்தான் அதிகமாக வேண்டும்.

"வேண்டாம் பாஸ்டர். கொஞ்சம் இருங்க" என்றார். அப்போதுதான் உள்ளங்கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். வெளிச்சம் வந்தது. எதிரே அந்த அம்மாள் பச்சைச் சால்வையில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வேன் அக்கா. அந்த முகத்தில் கோபம் இன்னும் வரவில்லை. எதையோ நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகம். வெள்ளிக்கிழமையை, மூடிக்கிடந்த வானத்தை.

"எப்போலேர்ந்து அண்ணே?" என்று வேன் அக்கா மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. போன வாரத்திலிருந்து என்று சொல்லலாம். நேற்று என்றுகூடச் சொல்லலாம். முன்வரிசையில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரையும் அண்ணன் ஒரு தரம் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் திறந்ததுலேர்ந்தும்மா."

சிறுமியின் அம்மாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் பக்கத்திலிருந்த மகளை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டார். சிறுமி வலித்துச் சிணுங்கினாள். சிறுமியின் அம்மா அண்ணனைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. வேன் அக்கா தன் அம்மாவின் விரல்களை அண்ணனின் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மருந்துக் கடை திறந்திருக்குமா என்று யாரிடமோ கேட்பது கேட்டது.

அண்ணன் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து அவர் மனைவி வழி விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேருமுன் அண்ணன், "ஆண்டவரே" என்று கூப்பிட்டார். எட்டு வருடமாக அப்படிக் கூப்பிட்டதும் அடுத்து வருவது கண்ணைப் பற்றிய பேச்சுதான். கண்ணுக்காக நன்றி, கண்ணைக் காப்பாற்றும், கண்ணை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவையும். அதை எடுத்துவிட்டால் ஆண்டவரிடம் பேச ஒன்றுமே இல்லை. ஊரெல்லாம் போய் யாரைப் பற்றிச் சாட்சி சொன்னாரோ அவரோடு தனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்று அந்தப் படியில் வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. தெருவில், மேடையில், வீட்டில் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், இன்னொரு தரம் கூப்பிட்டார்.